ஜப்பானிய நிறுவனத்தில் அயல்நாட்டுத் தலைமை

ஜப்பானில் நிறுவனம் நடத்தும் அயல்நாட்டவரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வெளிநாட்டுத் தாய் நிறுவனம் டோக்கியோவிலோ ஒசாகாவிலோ வைத்திருக்கும் கிளை நிறுவனத்துக்குச் சில ஆண்டுப் பொறுப்பில் அனுப்பப்படுபவர் முதல் வகை. இத்தகைய நிறுவனங்களுக்கு ஜப்பானில் 'காய்ஷிகெய்' என்று பெயர். பழைய ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்கே, பங்குக் கூட்டு வழியாகவோ இயக்குநர் குழுவின் அழைப்பாலோ, தலைவராக வருபவர் இரண்டாம் வகை. சொந்த முதலைக் கொண்டு அங்கே தொழில் தொடங்குபவர் மூன்றாம் வகை. மூவரின் சூழலும் வெவ்வேறு. ஆனால் மூவரும் சந்திக்கும் கேள்வி ஒன்றுதான்: பதவி தரும் அதிகாரம் அங்கே எவ்வளவு தூரம் செல்லும், மிச்சத் தூரத்தை எதைக் கொண்டு கடப்பது?

இந்தக் கேள்விக்குப் 'பண்பாட்டு வேறுபாடு' என்ற ஒற்றைச் சொல்லால் விடை சொல்லிவிடுவது வழக்கம். அந்தச் சொல் பெரிதாக எதையும் விளக்குவதில்லை. ஜப்பானிய நிறுவனத்தின் பழக்கங்களுக்குப் பின்னால் ஒரு வேலைவாய்ப்பு முறையும், அதைக் காக்கும் சட்டமும், நெடுநாளைய கடன், கொள்முதல் உறவுகளும் இருக்கின்றன. அவற்றை அறிந்தவருக்கு அந்தப் பழக்கங்கள் புதிராக இரா. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் தெளிவாகும்.

வேலை என்னும் உறவு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உறுதிப்பட்ட ஜப்பானிய வேலை முறைக்கு மூன்று தூண்கள் சொல்லப்படுவதுண்டு: ஓய்வு பெறும்வரை ஒரே நிறுவனத்தில் வேலை, பணிமூப்புக்கேற்ற ஊதியமும் உயர்வும், நிறுவனத்துக்கென்றே அமைந்த தொழிற்சங்கம். அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் அபெக்லன் 1958இல் வெளியிட்ட நூல் இந்த நீண்டகால உறவை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

பெரிய நிறுவனங்கள் பட்டம் பெற்ற இளைஞர்களை ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரே அணியாகச் சேர்க்கின்றன. அப்போது நடக்கும் நுழைவு விழாவில் தலைவரே வந்து பேசுவார். சேர்பவர் குறிப்பிட்ட ஒரு வேலைக்கென்று சேர்வதில்லை, நிறுவனத்தில் சேர்கிறார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்குப் பிரிவிலிருந்து விற்பனைக்கும், விற்பனையிலிருந்து ஆலைக்கும் அவர் மாற்றப்படுவார். இப்படி வளர்ந்தவரின் அறிவும் தொடர்புகளும் அந்த நிறுவனத்துக்குள்ளேயே அதிகப் பயன் தருபவை. நாற்பத்தைந்து வயதில் வெளியேறினால் அவர் இழப்பது சம்பளத்தை மட்டுமன்று. சேர்த்து வைத்த மதிப்பு முழுவதையும்.

1990களின் தொடக்கத்தில் நில, பங்கு விலைகள் சரிந்த பிறகு இந்த முறை தளர்ந்தது. இன்று ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பகுதிநேர, ஒப்பந்த வேலையில் இருக்கிறார்கள். ஆனால் பெரிய நிறுவனங்களின் நிரந்தர ஊழியரைப் பொறுத்தவரை அடிப்படை மாறிவிடவில்லை. 2008இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நியாயமான புறநிலைக் காரணமும் சமூக வழக்குக்கு ஏற்ற பொருத்தமும் இல்லாத பணிநீக்கம் செல்லாது என்கிறது. ஆட்குறைப்பு என்றால் நீதிமன்றங்கள் நான்கைப் பார்க்கின்றன: ஆட்குறைப்பு உண்மையிலேயே தேவையா, அதைத் தவிர்க்க முயற்சி நடந்ததா, ஆட்களைத் தேர்ந்த முறை நியாயமானதா, ஊழியரோடும் சங்கத்தோடும் கலந்து பேசப்பட்டதா. ஆகவே ஆட்குறைப்பு அங்கே பெரும்பாலும் ஓய்வுபெறுவோர் இடத்தை நிரப்பாமல் விடுவது, விருப்ப ஓய்வு, துணை நிறுவனத்துக்கு மாற்றுவது ஆகிய வழிகளில்தான் நடக்கிறது. 'இன்றோடு கணக்கு முடிந்தது' என்று சொல்லிப் பழகிய நிர்வாகி முதலில் சட்டத்தோடுதான் மோதுவார்; பண்பாடு அதற்குப் பிறகுதான்.

பதவி உயர்விலும் இந்த முறையின் தாக்கம் உண்டு. முன்னால் சேர்ந்தவர் 'செம்பாய்', பின்னால் சேர்ந்தவர் 'கோஹாய்'. கோஹாய் ஒருவரைத் திறமை கருதி செம்பாய்க்கு மேலே அமர்த்தலாம். இன்று பல நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன. ஆனால் மூத்தவரின் மதிப்பைக் காக்கும் வேறொரு பொறுப்பைக் கண்டுபிடிக்காமல் அதைச் செய்தால், உயர்த்தப்பட்டவருக்கே வேலை கடினமாகும்.

இதே முறை அயல்நாட்டு நிர்வாகிக்கு ஒரு வாய்ப்பையும் திறந்துவிடுகிறது. சம வேலைவாய்ப்புச் சட்டம் 1986இல் நடைமுறைக்கு வந்த பின்னும் பல ஜப்பானிய நிறுவனங்கள் திறமையுள்ள பெண்களை உயர்நிலைக்குக் கொண்டுவரத் தயங்கின. பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டவர்களும், நடு வயதில் நிறுவனம் மாற விரும்பியவர்களும் அந்த ஏப்ரல் அணிக்கு வெளியே நின்றார்கள். காய்ஷிகெய் நிறுவனங்கள் பலவற்றின் ஜப்பானிய உயரலுவலர்கள் இந்த வெளிவட்டத்திலிருந்து கிடைத்தவர்களே.

முடிவு உருவாகும் வழி

'நெமவாஷி' என்பது தோட்டக்காரரின் சொல். வளர்ந்த மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதற்கு முன், வேர்களைச் சுற்றி மண்ணைத் தோண்டி, பெரிய வேர்களை நறுக்கி, புது வேர் விடச் செய்து பக்குவப்படுத்துவார்கள். நிறுவனத்தில் அந்தச் சொல், கூட்டத்துக்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனியே பார்த்துப் பேசி, மறுப்புகளைக் கேட்டு, திட்டத்தைத் திருத்திக்கொள்வதைக் குறிக்கிறது. அதன் பிறகு 'ரிங்கிஷோ' என்ற முன்மொழிவுத் தாள் கீழ்நிலை அலுவலரிடம் தொடங்கி ஒவ்வொரு மேசையாக மேலே போகும். பார்த்தவர் ஒவ்வொருவரும் தம் முத்திரையை அதில் பதிப்பார். இன்று பல இடங்களில் தாளுக்குப் பதில் கணினி வந்துவிட்டது; பாதை அதே பாதைதான்.

இந்த முறையில் கூட்டம் என்பது முடிவை அறிவிக்கும் இடம். அங்கே புதிதாக ஒரு திட்டத்தை வைத்து, 'எல்லாரும் மனம் திறந்து சொல்லுங்கள்' என்று கேட்கும் தலைவருக்கு மௌனமே பதிலாகக் கிடைக்கும். அது சம்மதமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. முன்னேற்பாடில்லாத இடத்தில் பேசினால் பக்கத்தில் இருப்பவரை இக்கட்டில் தள்ள நேரும் என்ற எச்சரிக்கையே அது.

நெமவாஷியின் குறை எல்லாருக்கும் தெரிந்தது: நாள் பிடிக்கும். அதன் பலன் பிறகுதான் தெரிய வரும். முடிவு வந்த நாளிலேயே அதைச் செய்து முடிக்க வேண்டியவர்கள் அனைவரும் அதன் உள்விவரம் அறிந்திருப்பார்கள். செயல்படுத்துவதில் தடங்கல் குறையும். வேறு நாடுகளில் முடிவுக்குப் பின் செலவாகும் காலம் இங்கே முடிவுக்கு முன்னால் செலவாகிறது. அயல்நாட்டுத் தலைவர் இந்த முறையை ஒழிக்க வேண்டியதில்லை. எந்த முடிவு இந்த வழியே போக வேண்டும், எதைத் தாமே எடுக்கலாம் என்று பிரித்து, முதல் வகைக்கு ஒரு முடிவுத் தேதியையும் வைத்தால் போதும்.

மேலே போகும் செய்திகளுக்கும் ஒரு முறை இருக்கிறது. அறிக்கை, தொடர்பு, ஆலோசனை என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹோ-ரென்-ஸோ' என்பார்கள். பசலைக்கீரையின் ஜப்பானியப் பெயரும் ஒலியில் அதுவே என்பதால் இந்தச் சொல் எளிதில் மனத்தில் நிற்கிறது. வேலை முடிந்த பின் மட்டுமல்லாமல் நடுவிலும் அடிக்கடி வந்து நிலையைச் சொல்வதும், சிக்கல் முளைக்கும்போதே கலந்துகொள்வதும் இதில் அடங்கும். இதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எண்ணி, 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிடும் தலைவர், காலக்கிரமத்தில் எதையும் கடைசியாக அறிபவராக ஆகிவிடுவார்.

சொல்லும் சொல்லாததும்

மனத்தில் உள்ளது 'ஹொன்னெ'. சபையில் சொல்வது 'தத்தெமாயே'. இரண்டுக்கும் இடைவெளி இருப்பதை ஜப்பானியர் பொய்யாகக் கருதுவதில்லை. ஒன்றாக வாழ்வதற்கான முறையாகவே காண்கிறார்கள். தமிழருக்கு இது முற்றிலும் அந்நியமானதல்ல. கடன் கேட்டவரிடம் 'பார்க்கலாம்' என்று சொன்னால் அதன் பொருள் இரு தரப்புக்கும் தெரியும். 'கெந்தோ ஷிமாஸ்', அதாவது 'பரிசீலிக்கிறோம்' என்பது பெரும்பாலும் அந்தப் 'பார்க்கலாம்' தான். 'கொஞ்சம் கடினம்' என்றால் முடியாது என்று பொருள். பேச்சின் நடுவே வரும் 'ஹாய்' என்பது 'ஆம்' என்பதைவிட 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கே நெருக்கமானது. அதைச் சம்மதமாகக் குறித்துக்கொண்டு தலைமையகத்துக்கு எழுதிவிட்டு, பின்னர் வாக்குத் தவறிவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொள்வது புதிதாக வந்தவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

ஹொன்னெ வெளிப்படும் இடங்கள் வேறு: வேலை முடிந்த பின் மது விடுதியில், ரயில் நிலையம்வரை சேர்ந்து நடக்கையில், மூன்றாமவர் வழியாக. எனவே அயல்நாட்டுத் தலைவருக்கு உண்மையைக் கொண்டுவந்து சேர்க்கும் ஜப்பானியத் துணைவர் ஒருவர் தேவை. இங்கே ஒரு பள்ளமும் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாகப் பேசுபவரே திறமையானவர் என்று தோன்றும். அவரையே சுற்றி வைத்துக்கொள்ளத் தோன்றும். ஆலையையும் வாடிக்கையாளரையும் நன்கறிந்தவர் பத்து ஆங்கிலச் சொல்லுக்கும் தடுமாறுபவராக இருக்கலாம். மொழித் திறனையும் தொழில் திறனையும் பிரித்துப் பார்க்காத தலைவரைச் சுற்றி மெல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வட்டம் எழுந்து, மற்ற அனைவரையும் அவரிடமிருந்து மறைத்துவிடும்.

மொழியை நிறுவனமே மாற்றிக்கொண்ட சான்றும் உண்டு. இணைய வணிக நிறுவனமான ராகுடென், ஆங்கிலத்தை அலுவல் மொழியாக்கும் முடிவை 2010இல் அறிவித்து 2012இல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அதைச் செய்தவர் அதன் நிறுவனரான ஜப்பானியர் ஹிரோஷி மிகிதானி. வெளியிலிருந்து வந்த ஒருவர் அதே கட்டளையை இட்டிருந்தால் அதன் பொருளே வேறாக இருந்திருக்கும்.

வாடிக்கையாளரும் கூட்டாளிகளும்

நிறுவனத்தின் உள் உறவுகளைப் போலவே வெளி உறவுகளும் நீண்டகாலத்தவை. பெருநிறுவனமும் அதன் உதிரிபாக நிறுவனங்களும் ஒன்றில் ஒன்று பங்கு வைத்துக்கொண்ட குழு 'கெய்ரெத்ஸு' எனப்படுகிறது. கடன் தருவதோடு நெருக்கடியில் கைகொடுக்கவும் ஒரு முதன்மை வங்கி இருக்கும். 1990களுக்குப் பின் இந்தப் பிணைப்புகள் பெரிதும் தளர்ந்தாலும், வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் நெடுங்காலம் சார்ந்திருக்கும் எதிர்பார்ப்பு தொடர்கிறது. விலை குறைவு என்பதற்காக ஒரே காலாண்டில் கொள்முதலை வேறிடத்துக்கு மாற்றினால் ஓரளவு பணம் மிச்சமாகும்; அடுத்த தட்டுப்பாட்டின்போது முதலில் கைவிடப்படுவதும் அந்த நிறுவனமாகவே இருக்கும்.

பெயரட்டையை இரு கைகளாலும் நீட்டுவது, விருந்தினரை வாயிலிலிருந்து தள்ளிய இருக்கையில் அமர்த்துவது, கோடையிலும் ஆண்டு முடிவிலும் பரிசுப் பெட்டி அனுப்புவது ஆகியவற்றைக் கையேடுகள் நீளமாகச் சொல்கின்றன. இவற்றில் அயல்நாட்டவர் தவறினாலும் எளிதில் மன்னிக்கப்படுவார். மன்னிக்கப்படாதது வேறு: பொருளில் குறை கண்டபோது தலைவர் நேரில் சென்று வருத்தம் தெரிவிக்காமல் இருப்பதும், காரணத்தைக் கண்டறிந்து எழுத்தில் தராமல் இருப்பதும்.

மூன்று பத்தாண்டுகளின் சான்றுகள்

ஹிரோஷிமாவின் மாஸ்டா நிறுவனத்தில் ஃபோர்டு தன் பங்கை 1996இல் 33.4 விழுக்காடாக உயர்த்தியது. அந்த ஆண்டே ஹென்றி வாலஸ் அதன் தலைவரானார். பெரிய ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்கு அயல்நாட்டவர் தலைவரானது அதுவே முதல்முறை. 1999 இறுதியில் 38 வயதான மார்க் ஃபீல்ட்ஸ் அப்பொறுப்புக்கு வந்தார். ஆட்குறைப்பு தேவைப்பட்டபோது 2001இல் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எதிர்பார்த்ததற்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. 2003இல் தலைமை மீண்டும் ஜப்பானியர் கைக்கு வந்தது.

1999 மார்ச்சில் ரெனோ நிறுவனம் நிஸ்ஸானின் 36.8 விழுக்காட்டுப் பங்கை வாங்கி, பிரேசிலில் பிறந்த லெபனான் வம்சாவளியினரான கார்லோஸ் கோனை அனுப்பியது. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று அவர் அறிவித்த மறுமலர்ச்சித் திட்டம் ஐந்து ஆலைகளை மூடவும், 21,000 பணியிடங்களைக் குறைக்கவும், கொள்முதல் செலவை 20 விழுக்காடு வெட்டவும், கெய்ரெத்ஸு பங்குகளை விற்கவும் சொன்னது. நிதியாண்டு 1999இல் ஏறத்தாழ 68,400 கோடி யென் நட்டமடைந்த நிறுவனம் அடுத்த ஆண்டே சுமார் 33,100 கோடி யென் லாபம் காட்டியது.

இந்தத் திட்டத்தின் கடுமையைப் பேசுபவர்கள் அது பிறந்த விதத்தைக் கவனிப்பதில்லை. அதன் உள்ளடக்கத்தை உருவாக்கியவை, வெவ்வேறு துறைகளின் நடுநிலை மேலாளர்களைச் சேர்த்து அமைத்த ஒன்பது குழுக்கள். ஆலையின் திறன் எவ்வளவு வீணாகிறது, எந்தப் பாகத்துக்கு அதிக விலை கொடுக்கப்படுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். கேட்க ஆளில்லாமல் இருந்தது. அந்த மூன்று மாத உழைப்பு ஒரு வகையில் விரைவுபடுத்தப்பட்ட நெமவாஷிதான். லாபம் காட்டாவிட்டால் தாமும் நிர்வாகக் குழுவும் விலகுவோம் என்று கோன் முன்கூட்டியே அறிவித்ததும் ஊழியரிடம் எடுபட்டது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் 2010இல் திறக்கப்பட்ட ஆலை அந்த ரெனோ-நிஸ்ஸான் கூட்டணியின் விளைவுகளில் ஒன்று.

சோனியின் முதல் அயல்நாட்டுத் தலைமைச் செயல் அதிகாரியாக 2005இல் வந்த ஹோவர்ட் ஸ்ட்ரிங்கர், தனித்தனித் தீவுகளாக இயங்கிய பிரிவுகளை இணைக்க முயன்றார். தொலைக்காட்சித் தொழிலின் தொடர் நட்டத்தை நிறுத்த முடியாமல் 2012இல் பொறுப்பை கஸுவோ ஹிராயிடம் ஒப்படைத்தார். தன்னைவிடப் பெரிய பிரிட்டிஷ் நிறுவனமான பில்கிங்டனை 2006இல் வாங்கிய நிப்பான் ஷீட் கிளாஸ், 2008இல் அங்கிருந்து ஸ்டூவர்ட் சேம்பர்ஸைத் தலைவராக்கியது. அவர் குடும்பக் காரணத்தால் அடுத்த ஆண்டே விலகினார். பின்னால் வந்த அமெரிக்கர் கிரெய்க் நேலர், உத்தி குறித்த கருத்து வேறுபாட்டால் 2012இல் விலகினார். சாஃப்ட்பேங்கின் நிறுவனர் மசயோஷி சன்னுக்கு வாரிசாகக் கருதப்பட்ட, இந்தியாவில் பிறந்த நிகேஷ் அரோரா, நிறுவனர் தொடர்ந்து பொறுப்பில் இருக்க விரும்பியதால் 2016இல் வெளியேறினார்.

1781இல் ஒசாகாவில் தோன்றிய மருந்து நிறுவனம் டாகேடா. பிரெஞ்சுக்காரரான கிறிஸ்டோஃப் வெபர் 2014இல் அதன் தலைவராகும் வேளையில், நிறுவனர் குடும்பத்தினரும் முன்னாள் ஊழியர்களும் அடங்கிய பங்குதாரர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2015இல் தலைமைச் செயல் அதிகாரியான அவர், ஜெர்சியில் பதிவான ஷயர் நிறுவனத்தை 2019 ஜனவரியில் சுமார் 6,200 கோடி டாலருக்கு வாங்கி முடித்தார். வந்து ஐந்தாண்டுக்குள் மூட்டை கட்டாமல் அவர் நெடுங்காலம் பொறுப்பில் நீடித்தது குறிப்பிடத்தக்கது. மூன்றாண்டில் திரும்பிவிடுவார் என்று தெரிந்த தலைவரின் சீர்திருத்தத்தை எதிர்க்க வேண்டியதில்லை, காத்திருந்தாலே போதும் என்பது ஊழியர்களுக்குத் தெரியும்.

சட்டத்தின் வரம்பு

2015 மார்ச்வரை ஜப்பானிய நிறுவனத்தின் பிரதிநிதி இயக்குநர்களில் ஒருவராவது அந்நாட்டில் வசிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. பிறகு அது நீக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த நிறுவன ஆளுகை நெறிமுறை, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் வெளி இயக்குநர்களின் இடத்தை வலுப்படுத்தியது. சொந்தத் தொழில் தொடங்குபவருக்கோ வாசல் குறுகியிருக்கிறது. வணிக மேலாண்மை விசாவுக்குத் தேவையான முதல் 50 லட்சம் யென்னாக இருந்தது. 2025 அக்டோபரில் அது 3 கோடி யென்னாக உயர்ந்தது. முழுநேர ஊழியர் ஒருவரை அமர்த்துவதும் அதோடு கட்டாயமாயிற்று.

வேலை நேரத்திலும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும் அமலான விதிப்படி, மிகைநேரம் மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்பது வரம்பு. தனி உடன்பாடு இருந்தாலும் ஆண்டுக்கு 720 மணியைத் தாண்டக்கூடாது. நள்ளிரவுவரை விளக்கெரியும் அலுவலகத்தை உழைப்பின் அடையாளமாகப் பார்த்து மகிழும் தலைவர், இன்று சட்ட மீறலுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்.

உடன்பாட்டின் மறுபக்கம்

ஒலிம்பஸ் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளையில் தொடங்கி முப்பது ஆண்டு உழைத்த மைக்கேல் வுட்ஃபோர்ட் 2011 ஏப்ரலில் அதன் தலைவரானார். ஜப்பானிய இதழான 'ஃபாக்தா' வெளியிட்ட செய்தியிலிருந்து, சில நிறுவனக் கொள்முதல்களில் நம்ப முடியாத அளவு ஆலோசனைக் கட்டணம் தரப்பட்டதை அவர் அறிந்தார். அதைக் கேள்வி கேட்டு எழுதினார். அக்டோபர் 14 அன்று இயக்குநர் குழு அவரைப் பதவி நீக்கியது. அவருடைய நிர்வாகப் பாணி பொருந்தவில்லை என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். நான்கு வாரத்துக்குள்ளேயே, 1990களிலிருந்தே முதலீட்டு நட்டங்களை மறைத்து வந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. மறைக்கப்பட்ட தொகை 10,000 கோடி யென்னைத் தாண்டியது. முன்னாள் தலைவர் உள்ளிட்ட மூவர் 2013இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை பெற்றார்கள்.

நிஸ்ஸானில் நடந்தது இதன் மறுதலை. கோன் 2018 நவம்பர் 19 அன்று, ஊதியத்தைக் குறைத்துக் காட்டினார் என்ற குற்றச்சாட்டில் டோக்கியோவில் கைதானார். 10 கோடி யென்னுக்கு மேல் பெறும் நிர்வாகிகளின் ஊதியத்தை வெளியிட வேண்டும் என்ற விதி 2010இல் வந்திருந்தது. அவருடைய ஊதியம் ஜப்பானிய வழக்கத்துக்கு மிக உயர்ந்ததாகப் பேசப்பட்டும் வந்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். 2019 இறுதியில் லெபனானுக்குத் தப்பிச் சென்றதால் அவர் மீதான விசாரணை நிறைவுறவில்லை. அந்நிறுவனம் அமைத்த ஆளுகைக் குழு 2019இல் சுட்டிய முதன்மைக் குறை, ஒருவரிடமே அதிகாரம் குவிந்திருந்தது என்பதே.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே உண்மை தெரிகிறது. ஒலிம்பஸில் உள்ளிருந்தோர் கேட்காத கேள்வியை வெளியாள் கேட்டார். நிஸ்ஸானில் வெளியாளை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வியை உள்ளிருந்தோர் நெடுநாள் கேட்கவில்லை. முடிவுகளை இடையூறின்றி நிறைவேற்றித் தரும் அதே உடன்பாட்டு மனம், தவறுகளின் மேல் போர்வையாகவும் விழக்கூடியது.

எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்கு இதிலிருந்து ஒரு வரையறை கிடைக்கிறது. முடிவுக்கு வரும் வழி, பேச்சின் முறை, மூத்தவருக்கான மதிப்பு, வாடிக்கையாளருக்குக் காட்டும் பணிவு ஆகியவற்றில் அயல்நாட்டுத் தலைவர் ஜப்பானிய வழக்கத்தோடு போவதே சரி. அவற்றில் மோதி வென்றாலும் பயனில்லை. கணக்கின் உண்மை, ஊழியரின் உடல்நலம், பொருளின் பாதுகாப்பு, சட்டம் ஆகியவற்றில் இணக்கத்தின் பெயரால் எதையும் விடலாகாது. தம்மை நோக்கியே கேள்வி கேட்கக்கூடிய வெளி இயக்குநரையும், கெட்ட செய்தியைக் கொண்டுவருபவரைக் காக்கும் முறையையும் அமைத்துவிட்டுப் போவது அவருடைய கடமை. நெமவாஷியின் வழியே வேரூன்றிய அத்தகைய ஏற்பாடு, அவர் ஊர் திரும்பிய பின்னும் நிறுவனத்தில் நிற்கும்.